மூன்று பேராக வந்தால்தான் கதவு திறக்குமா?

எங்கள் இணைய விளையாட்டை நடத்தும் நிறுவனத்தாருக்கு,

போன செவ்வாய்க்கிழமை நீங்கள் வெளியிட்ட அறிவிப்பை நான்கு முறை படித்தேன். அடுத்த அப்டேட்டிலிருந்து வரைபடத்தின் ஓரங்களில் இருக்கும் நான்கு பழைய பகுதிகள் கூட்டுப் பகுதிகள் ஆகின்றன. குறைந்தது மூன்று பேர் குழுவாக வந்தால்தான் உள்ளே விடுவீர்கள். உள்ளே போன பிறகு அந்த மூவரில் ஒருவர் குறைந்தாலும் 60 நொடியில் மற்ற இருவரையும் ஊருக்குத் திருப்பி அனுப்பிவிடுவீர்கள். யாரும் போகாத இடங்களுக்கு உயிர் கொடுக்கிறோம் என்று காரணமும் சொல்லியிருக்கிறீர்கள்.

அந்த இடங்களுக்கு நான் போகிறேன். எட்டு வருடமாகப் போய்க்கொண்டிருக்கிறேன்.

எனக்கு 49 வயது. சிங்கப்பூரின் செம்பவாங்கில் நாலறை வீவக வீட்டில் (அரசு கட்டிய அடுக்குமாடி வீடு) அம்மாவோடு இருக்கிறேன். ஜூரோங்கில் ஒரு கப்பல் சரக்கு நிறுவனத்தில் கணக்குப் பார்க்கும் வேலை. அம்மாவுக்கு 81 வயது, மறதிநோய். பகலில் பணிப்பெண் பார்த்துக்கொள்கிறார். இரவு என் பொறுப்பு. பத்து மணி வாக்கில் அம்மா படுத்த பிறகு சாப்பாட்டு மேசையில் கம்ப்யூட்டரைத் திறந்தால் நாற்பது நிமிடம் கிடைக்கும். சில நாள் பத்தே நிமிடம்தான். அந்த நேரத்தில்தான் உங்கள் உலகத்துக்குள் வருகிறேன்.

நான் வந்து சேர்ந்த கதை கொஞ்சம் வேடிக்கையானது. 2017-இல் என் தம்பி மகன் தேசிய சேவைக்காக (கட்டாய ராணுவப் பயிற்சி) புலாவ் தேக்கோங் தீவுக்குக் கிளம்பும்போது, "அத்தை, என் தோட்டத்துக்குத் தண்ணி ஊத்துங்க, இல்லேன்னா எல்லாம் காஞ்சிடும்" என்று ஒரு துண்டுத் தாளில் பாஸ்வேர்டை எழுதிக் கொடுத்தான். வீட்டில் தோட்டமே இல்லையே என்று நான் விழித்தேன். விளையாட்டுக்குள் இருந்த தோட்டத்தைச் சொல்லியிருக்கிறான். (ஒருவர் கணக்கை இன்னொருவர் பயன்படுத்துவது உங்கள் விதிக்கு முரண் என்று பிறகுதான் தெரிந்தது. உடனே சொந்தக் கணக்குத் திறந்துகொண்டேன். அதற்காக இப்போது தண்டிக்க வேண்டாம்.) ஒரு வாரம் ஒழுங்காகத் தண்ணீர் ஊற்றினேன். எட்டாவது நாள், வேலிக்கு அந்தப் பக்கம் என்னதான் இருக்கிறது என்று பார்க்கப் போனேன். ஓநாய் கடித்துச் செத்தேன். எழுந்து மறுபடி போனேன். தம்பி மகன் சேவை முடிந்து வந்து, கொஞ்ச நாள் ஆடிவிட்டு, வேறு விளையாட்டுக்குப் போய்விட்டான். நான் மட்டும் வேலிக்கு அந்தப் பக்கமே தங்கிவிட்டேன்.

என் கேரக்டர் இன்னும் கடைசி லெவலைத் தொடவில்லை. எந்த கில்டிலும் (ஆட்டக்காரர் சங்கத்திலும்) இல்லை. பெரிய கூட்டமாகச் சேர்ந்து அரக்கனை அடிக்கும் ரெய்டு ஒன்றுக்குக்கூடப் போனதில்லை. என் கத்தியைப் பார்த்தால் உங்கள் சண்டைக்காரர்கள் சிரிப்பார்கள். ஆனால் என்னிடம் கட்டம் போட்ட மூன்று நோட்டுகள் இருக்கின்றன. எந்த மரத்தடியில் எந்தக் காளான், எந்தப் பாலத்துக்குக் கீழே ஆள் நுழையும் வழி, எந்த மலையில் எத்தனை மணிக்கு வெயில் படும் என்று 412 குறிப்புகள். நீங்கள் வைத்த பெயர்கள் என் வாயில் நுழையவில்லை. அதனால் நானே பெயர் வைத்துக்கொண்டேன்: உப்பங்கழி, ஊமை மலை, நரிக்காடு, சாம்பல் வெளி. நீங்கள் மூடப்போகும் நான்கும் இவைதான்.

இதெல்லாம் ஒரு பொழுதுபோக்கா என்று அலுவலகத்தில் கேட்டார்கள். எங்கள் தீவின் பரப்பு சுமார் 735 சதுர கிலோமீட்டர். இங்கே மிக உயர்ந்த இடம் புக்கிட் தீமா குன்று, 163 மீட்டர். (அதை ஏறவே எனக்கு மூச்சு வாங்கும் என்பது வேறு விஷயம்.) முன்பெல்லாம் ஞாயிற்றுக்கிழமைகளில் நடப்பேன். மலாயா ரயில் ஓடிய பழைய தடம் 24 கிலோமீட்டர். ரயிலை நிறுத்தியது 2011-இல். அந்தத் தடத்தை மூன்று ஞாயிறுகளில் நடந்து முடித்தேன். இப்போது அம்மாவை விட்டு அத்தனை நேரம் நகர முடியாது. பனி மூடிய சிகரத்தைப் பார்க்க எனக்கிருக்கும் ஒரே வழி சாப்பாட்டு மேசை வழியாகத்தான் போகிறது.

ஊமை மலையின் வடக்குச் சரிவில் ஓர் அருவி விழுகிறது. அதற்குப் பின்னால், ஒருக்களித்து நுழைந்தால் ஒரே ஓர் ஆள் நிற்கும் அளவுக்கு ஒரு பிளவு. உள்ளே பாறையில் மாடக்குழி, மாடக்குழியில் ஓர் அகல். நான் முதலில் போனபோது அணைந்திருந்தது. கீபோர்டில் இருக்கும் எல்லாவற்றையும் அழுத்திப் பார்த்தேன், எரியவில்லை. ஒரு மாதம் கழித்து, விளையாட்டுக்குள் மழை கொட்டிய ஓர் இரவில், ஒதுங்கலாமென்று அங்கே போனால் விளக்கு எரிந்துகொண்டிருக்கிறது. மழை பெய்தால் மட்டும் எரிகிற விளக்கு. அதைக் கண்டுபிடித்ததற்குப் புள்ளி இல்லை, பரிசு இல்லை, குவெஸ்ட் (விளையாட்டு கொடுக்கும் பணி) இல்லை. உங்களிடம் சம்பளம் வாங்கிய யாரோ ஒருவர் ஒரு மத்தியான நேரத்தில் உட்கார்ந்து இதைச் செய்திருக்கிறார். இன்னும் உங்களிடம்தான் இருக்கிறாரா என்று தெரியாது. இருந்தால் அவரையே கேளுங்கள், யாருக்காக அதை வைத்தார் என்று. புதிய விதிப்படி மூன்று பேர் அங்கே போனால் இரண்டு பேர் வெளியே அருவியில் நனைய வேண்டியதுதான்.

தனியாகத் திரிகிறவள் யாரோடும் சேரமாட்டாள் என்று நீங்கள் நினைக்கிறீர்கள் போலிருக்கிறது. உங்கள் அறிவிப்பில் "மக்களை ஒன்றுசேர்க்க" என்ற சொற்கள் மூன்று இடத்தில் வருகின்றன. சரி, நான் பார்த்ததைச் சொல்கிறேன். உப்பங்கழியில் நீர் ஏறும் நேரம் தெரியாமல் புதிதாக வருகிறவர்கள் மாட்டிக்கொள்வார்கள். ஒரு தடவை ஒருவர் திட்டில் நின்று சாட்டில் ஏதோ எழுதினார். எனக்குத் தெரியாத மொழி, எழுத்தும் தெரியவில்லை. நான் அவர் முன்னால் போய் ஒரு குதி குதித்து, மெதுவாக நடந்தேன். அவரும் ஒரு குதி குதித்துப் பின்னால் வந்தார். நின்று நின்று, திரும்பிப் பார்த்துப் பார்த்து, கால் மணி நேரம். கரை வந்ததும் அவர் தரையில் ஒரு தீ மூட்டி வைத்துவிட்டுப் போனார். சங்க காலத்துப் பாணர்கள், வழியில் எதிர்ப்படும் இன்னொரு பாணருக்கு எந்தக் காட்டைத் தாண்டி எந்த ஊர் வழியாகப் போக வேண்டும் என்று சொல்லி அனுப்பியதையே ஆற்றுப்படை என்று ஒரு பாட்டு வகையாக வைத்திருக்கிறோம். எனக்கும் அந்த வேலைதான் பிடித்திருக்கிறது. அதற்கு முதலில் ஒருவர் தனியாகப் போய் வழி பார்த்திருக்க வேண்டும். அடுத்தவரும் தனியாக வந்து வழி தவறியிருக்க வேண்டும். மூவர் குழுவாக வரைபடத்தைப் பார்த்துக்கொண்டு ஓடுகிறவர்கள் வழி தவறுவதே இல்லை.

இன்னொன்று. உங்கள் கணக்கில் நான் ஓர் ஆள். என் மேசையில் நாற்காலி இரண்டு. தூக்கம் வராத இரவுகளில் அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்து திரையைப் பார்ப்பார். உப்பங்கழியின் கிழக்குக் கரையில் பாதி இடிந்த ஒரு மரத்துறை இருக்கிறதே, அதைப் பார்த்ததும் முதல் தடவையே "ஜெட்டி" என்றார். தாத்தா செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்தவர். அம்மா வளர்ந்தது அங்கேயிருந்த வரிசை வீடுகளில். 1971-இல் பிரிட்டிஷ் படைகள் கிளம்பின, வீடுகளும் பிறகு போய்விட்டன. என் பெயர் நினைவில்லாத நாளில்கூட அந்தக் கரையைப் பார்த்தால் அம்மா வழி சொல்வார்: "அந்தப் பக்கம் தண்ணி ஏறும். இப்படிப் போ." அவர் சொல்வது எழுபது வருடத்துக்கு முந்தைய செம்பவாங்கின் வழி. நான் நடப்பது உங்கள் உப்பங்கழியில். பெரும்பாலும் தண்ணீரில்தான் விழுவேன். விழுந்தால் சிரிப்பார். குழுவில் அவரை எப்படிச் சேர்ப்பது என்று உங்கள் அறிவிப்பில் தேடினேன். அவருக்குக் கணக்கு கிடையாது.

இனி, குழுவாக ஆடுவதில் என்ன கஷ்டம் என்ற கேள்விக்கு வருகிறேன். நான் முயன்று பார்க்காமல் பேசவில்லை.

இரண்டு வருடத்துக்கு முன்னால் இங்கேயிருந்த சர்வரை (விளையாட்டை ஓட்டும் கணினியை) மூடி, எங்களையெல்லாம் அமெரிக்காவின் மேற்குக் கரைக்கு மாற்றினீர்கள். அப்போது நான் ஒன்றும் எழுதவில்லை. இப்போது அதையும் சேர்த்தே சொல்ல வேண்டியிருக்கிறது. முன்பு என் பிங் (நான் அழுத்தியது சர்வருக்குப் போய்ப் பதில் வர ஆகும் நேரம்) 8 மில்லி நொடி. இப்போது நல்ல நாளில் 190, மற்ற நாளில் 230. இதில் இணையச் சேவை தருகிறவரைக் குறை சொல்லிப் பயனில்லை. கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர்தான் போகும். இங்கிருந்து கலிஃபோர்னியாவுக்கு நேர்கோடு பிடித்தாலே 13,500 கிலோமீட்டருக்குமேல். போய் வர 27,000. வேறு எந்தத் தடங்கலும் இல்லையென்றாலும் 135 மில்லி நொடி அங்கேயே போய்விடுகிறது. கடலடி வடங்கள் நேர்கோட்டில் போவதுமில்லை. யாரை மாற்றினாலும், எவ்வளவு பணம் கட்டினாலும் அந்தத் தூரம் குறையாது.

சண்டையில் இதற்கு என்ன அர்த்தம் தெரியுமா? தரையில் சிவப்பு வட்டம் தெரிந்தால் விலக வேண்டும் என்பது உங்கள் பாடம். என் திரையில் வட்டம் தெரியும்போது சர்வரில் அது பாதி முடிந்திருக்கும். நான் விலகிய செய்தி அங்கே போய்ச் சேரும்போது நான் ஏற்கெனவே செத்திருப்பேன். எங்கள் பக்கத்து ஆட்டக்காரர்கள் பலரும் அப்போதுதான் ரெய்டை விட்டார்கள். சிலர் விளையாட்டையே விட்டார்கள். மிச்சமிருந்தவர்கள் மீன் பிடிக்க, மூலிகை பறிக்க, மலையேறப் போனோம். காளான் விலகி ஓடாது. 230 மில்லி நொடி தாமதமானாலும் அது மரத்தடியிலேயே இருக்கும். அதாவது, எங்களைச் சண்டையிலிருந்து ஓரத்துக்குத் தள்ளியது நீங்கள். இப்போது அந்த ஓரத்தையும் சண்டைக்காரர்களுக்கு எழுதிக் கொடுக்கிறீர்கள்.

நேரமும் அப்படித்தான். உங்கள் ஊரில் கில்டுகள் கூடும் இரவு எட்டு மணி, கோடைக் கணக்குப்படி எனக்கு மறுநாள் காலை பதினொன்று. நான் ஜூரோங்கில் சரக்குச் சீட்டுகளோடு உட்கார்ந்திருப்பேன். வாராந்தரப் பராமரிப்புக்காக நீங்கள் செவ்வாய் காலை ஏழு மணிக்குச் சர்வரை நிறுத்தினால் இங்கே செவ்வாய் இரவு பத்து. அம்மா படுக்கும் நேரம், எனக்குக் கிடைக்கும் நாற்பது நிமிடம். எட்டு வருடத்தில் முதல் ஆறு வருடம் செவ்வாய் இரவுகள் எனக்கு இருந்தன. இந்த இரண்டு வருடமாக இல்லை. எனக்கு வாரத்தில் ஆறு நாள்தான், கட்டணம் மட்டும் ஏழு நாளுக்கு.

மூன்று பேரை எங்கே பிடிப்பது என்பது ஒரு பக்கம். பிடித்தபின் நடந்ததையும் கேளுங்கள். போன வருடம் ஒரு சனிக்கிழமை இரவு, துணிந்து ஐந்து பேர் சேர்ந்து போகும் டன்ஜன் (அரக்கர் குகை) ஒன்றில் சேர்ந்தேன். குழுவில் நான் வைத்தியர், மற்றவர்களின் காயத்தை ஆற்றுவது என் வேலை. பதினான்காவது நிமிடம் அம்மா கூப்பிட்டார். "மன்னிக்கவும், அவசரம்" என்று எழுதக்கூட நேரமில்லை. குளியலறை வாசலில் நின்றுகொண்டு, இது யார் வீடு என்று அழுதுகொண்டிருந்தார். அவரைச் சமாதானப்படுத்தி, பால் காய்ச்சிக் கொடுத்து, படுக்க வைத்துவிட்டுத் திரும்பினால், நான்கு பேரும் செத்து, என்னைக் குழுவிலிருந்து நீக்கி, சாட்டில் திட்டியும் முடித்திருந்தார்கள். முப்பது நிமிடத் தடை வேறு. அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர்களுக்கும் அது சனிக்கிழமைதான், அவர்களுக்கும் யாராவது கொடுத்த ஒரு மணி நேரமாக அது இருந்திருக்கலாம். நடுவில் எழுந்து போகிறவரால் குழு கெடும் என்பது உண்மை. அதனால்தான் நான் குழுவில் சேருவதில்லை. ஊமை மலையில் நான் பாதி ஏற்றத்தில் எழுந்து போனால் யாருக்கும் நஷ்டமில்லை. திரும்பி வரும்போது என் கேரக்டர் ஒரு பாறைமேல் உட்கார்ந்து பனியைப் பார்த்துக்கொண்டிருக்கும். அவ்வளவுதான்.

புதிய விதியில் அதுவும் மற்றவர்களுக்கு நஷ்டமாகிறது. நான் எழுந்தால் 60 நொடியில் இன்னும் இருவர் ஊருக்குத் தூக்கி எறியப்படுவார்கள். என் அம்மா ராத்திரி எழுந்திருப்பது முன்பின் தெரியாத இருவரின் ஆட்டத்தைக் கெடுக்கும்படி நீங்கள் ஏற்பாடு செய்திருக்கிறீர்கள். இப்படி இருப்பது நான் ஒருத்தி மட்டுமல்ல. கைக்குழந்தைக்காரர்கள் இருக்கிறார்கள், ஷிஃப்ட் மாறி மாறி வேலை பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள், முன்பின் தெரியாதவர்களோடு பேசவே பிடிக்காதவர்களும் இருக்கிறார்கள். கடைசி வகையும் குற்றமில்லை.

யாரும் போகாத இடம் என்று நீங்கள் எதை வைத்துக் கணக்கிட்டீர்கள் என்பது எனக்குப் புரியாமலில்லை. நானும் கணக்குப் பார்ப்பவள்தான். எத்தனை அரக்கர்கள் செத்தார்கள், எத்தனை பெட்டி திறந்தது, கடையில் எவ்வளவு விற்றது என்று எண்ணியிருப்பீர்கள். ஒருத்தி இருபது நிமிடம் ஒரு பாறைமேல் உட்கார்ந்து மழை நிற்கக் காத்திருந்தால் அது எந்தக் கட்டத்தில் பதியும்? வேலை செய்யாமல் நிற்கிறவர் என்றுதான் பதியும். ஆனால் மாதம் 19 சிங்கப்பூர் வெள்ளி 90 காசு என் கணக்கிலிருந்து ஒழுங்காகப் போயிருக்கிறது. எட்டு வருடத்தில் 1,900 வெள்ளிக்குமேல். அந்தக் கட்டத்தில் நான் தெரிந்திருப்பேனே.

இந்தத் தொழிலின் வரலாறு என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். 1978-இல் இங்கிலாந்தின் எஸ்ஸெக்ஸ் பல்கலைக்கழகத்தில் இரண்டு மாணவர்கள், ராய் ட்ரப்ஷாவும் ரிச்சர்ட் பார்ட்டிலும், வெறும் எழுத்தால் ஆன ஓர் உலகத்தை உருவாக்கியதிலிருந்து இது தொடங்குகிறது. அதே பார்ட்டில் 1996-இல் ஆட்டக்காரர்களை நான்கு வகையாகப் பிரித்தார்: சாதிக்க வருகிறவர், சுற்றிப் பார்க்க வருகிறவர், பழக வருகிறவர், அடிக்க வருகிறவர். சுற்றிப் பார்ப்பவர் தொடக்கத்திலிருந்தே கூட இருக்கிறார். வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் என்ற இணைய விளையாட்டை ஆராய்ந்து 2006-இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வந்தது. கூட்டமாக ஆட வேண்டிய விளையாட்டிலும் மக்கள் பெரும்பாலான நேரம் தனியாகத்தான் ஆடுகிறார்கள், மற்றவர்கள் அவர்களுக்குப் பார்வையாளர்களாகவும் வேடிக்கைக் காட்சியாகவும் பின்னணியாகவும் இருக்கிறார்கள் என்பது அதில் கண்டது. படித்தபோது, நம் சாப்பாட்டு நிலையத்தைப் பற்றித்தானே எழுதியிருக்கிறார்கள் என்று தோன்றியது.

நீங்கள் சிங்கப்பூருக்கு வந்தால் ஏதாவது ஓர் உணவங்காடி நிலையத்தில் மத்தியானம் உட்கார்ந்து பாருங்கள். ஒரு மேசையில் நான்கு பேர். ஒருவர் மீ கோரிங், ஒருவர் தோசை, ஒருவர் கோழிச் சோறு, நான்காமவர் கோப்பியோடு கைப்பேசி. யாரும் யாரோடும் பேசுவதில்லை. ஒருவர் எழுந்தால் இன்னொருவர் "இங்க ஆள் இருக்கா?" என்று கேட்டு உட்காருவார். அந்தக் கேள்விதான் அன்றைய பேச்சே. ஆனாலும் வீட்டில் ஒற்றையாகச் சாப்பிடுவதும் அங்கே ஒற்றையாகச் சாப்பிடுவதும் ஒன்றில்லை என்று இந்த ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். மூன்று பேராக வந்தால்தான் தோசை என்று கடைக்காரர் சொல்ல ஆரம்பித்தால் மேசைகள் நிறையாது. நாங்கள் பொட்டலம் கட்டி வாங்கிப் போகவும் முடியாது, வேறு கடைக்குப் போய்விடுவோம்.

வேறு கடைகள் இருக்கின்றன. கில்ட் வார்ஸ் 2 என்ற விளையாட்டு வெளிவந்தது 2012-இல். அங்கே ஒரே கனிமப் பாறையை எத்தனை பேர் வெட்டினாலும் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் கிடைக்கும். ஓர் அரக்கனை நான்கு பேர் சேர்ந்து அடித்தால், குழு என்று பதிவு செய்யாமலே, நால்வருக்கும் பலன் உண்டு. அதனால் தூரத்தில் ஒருவர் வருவதைப் பார்த்தால், வந்துவிட்டானா என் பங்குக்கு என்ற எரிச்சல் வராது. நல்லவேளை வந்தார் என்றுதான் தோன்றும். எல்டர் ஸ்க்ரோல்ஸ் ஆன்லைன் என்ற விளையாட்டு 2016-இல் எந்த லெவல்காரரும் எந்தப் பகுதிக்கும் எந்த வரிசையிலும் போகலாம் என்று கதவுகளைத் திறந்தது. ஃபைனல் ஃபேன்டசி 14-இல், முக்கியக் கதைக்குத் தேவையான டன்ஜன்களுக்கு, மனிதர்கள் கிடைக்காவிட்டால் கணினி இயக்கும் துணைவர்களோடு போகும் வழியை 2022-இலிருந்து விரிவாக்கினார்கள். வார்கிராஃப்டே 2024-இல் அப்படித் துணைவர்களைக் கொடுத்தது, அதே வருடம் ஒருவராகவும் போகலாம், ஐவராகவும் போகலாம் என்ற சிறு குகைகளையும் திறந்தது. இந்தத் தொழிலின் பெரிய பெயர்கள் எல்லாம் ஒற்றை ஆளுக்கு வழி விட்டுக்கொண்டிருக்கும்போது நீங்கள் மட்டும் எதிர்த்திசையில் நடக்கிறீர்கள்.

உங்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. புதிதாக வருகிறவர் ஒரு வெறும் வெளியில் நின்றால் விளையாட்டு செத்துவிட்டது என்று நினைத்துக் கிளம்பிவிடுவார். நான்கு பகுதிகளை ஓட்டிக்கொண்டிருக்கச் செலவாகும். கூட்டமாக ஆடுகிறவர்களுக்குப் புதிய சவால் வேண்டும், அதை நான் மறுக்கவில்லை. நரிக்காட்டின் நடுவில் ஒரு கோட்டை கட்டுங்கள், அதற்குள் பத்து பேர் சேர்ந்து அடிக்கும் அரக்கனை வையுங்கள். நான் வெளியே நின்று வாணவேடிக்கை பார்த்துவிட்டுப் போகிறேன். ஆனால் காட்டுக்கே வேலி போடுவது வேறு விஷயம்.

என் வேண்டுகோள்களைச் சொல்லிவிடுகிறேன். நான்கு பகுதிகளின் நுழைவாயிலில் இருந்தும் மூவர் விதியை எடுத்துவிடுங்கள். குழுவுக்கான சண்டைகளை உள்ளே தனித்தனி இடங்களில் வைத்துக்கொள்ளலாம். பாதை, அருவி, கரை, மலையுச்சி இவை எல்லோருக்கும் திறந்திருக்கட்டும். இதுதான் முதன்மையானது. இதை மட்டும் செய்தாலும் போதும்.

அது முடியவே முடியாது என்றால், குழுவில் மீதி இரண்டு இடத்தை என்பிசி (கணினி இயக்கும்) துணைவர்களால் நிரப்பிக்கொண்டு போக அனுமதியுங்கள். அவர்கள் சண்டை போடாவிட்டாலும் பரவாயில்லை, பின்னால் நடந்து வந்தால் போதும். அருவிப் பிளவுக்குள் மட்டும் அவர்கள் நுழையாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆள் குறைந்தால் 60 நொடியில் வெளியேற்றுவதை எப்படியிருந்தாலும் நீக்குங்கள். ஒருவர் வீட்டில் அவசரம் என்றால் மற்ற இருவரைத் தண்டிக்க வேண்டியதில்லை. குழுவிலிருந்து நடுவில் எழுந்தவருக்குப் போடும் முப்பது நிமிடத் தடையையும், மாதத்துக்கு ஒன்றிரண்டு தடவையாவது மன்னிக்கலாம்.

பராமரிப்பு நேரத்தை மாற்றி மாற்றி வையுங்கள். மாதத்தில் நான்கு செவ்வாயில் ஒன்றையாவது உங்கள் ஊர் பிற்பகலுக்குத் தள்ளினால், அந்த இரவு எங்களுக்குக் கிடைக்கும். அப்புறம், இந்த வட்டாரத்துக்கு மறுபடி ஒரு சர்வர் வைக்கும் எண்ணம் இருக்கிறதா இல்லையா என்று ஒரே வரியில் சொல்லிவிடுங்கள். இல்லை என்றால் இல்லை என்றே சொல்லுங்கள், இரண்டு வருடமாக "பரிசீலனையில் உள்ளது" என்று படித்து அலுத்துவிட்டது.

இவை எதுவுமே ஆகாது, விதி வந்தே தீரும் என்றால், ஆறு மாத அவகாசம் கொடுங்கள். 412 குறிப்புகளில் பாதியைத்தான் படமெடுத்து வைத்திருக்கிறேன். உப்பங்கழியில் மூன்று பருவத்தைப் படமெடுத்தாயிற்று, மழைக்காலம் இன்னும் பாக்கி. கிழக்குக் கரை ஜெட்டியை எல்லா நேர வெளிச்சத்திலும் எடுத்து, அச்சடித்து, அம்மாவின் அறையில் ஒட்ட வேண்டும்.

பதிலை விளையாட்டுக்குள் இருக்கும் அஞ்சல் பெட்டிக்கே அனுப்பலாம். செவ்வாய் இரவு தவிர மற்ற நாள் பத்து மணிக்குமேல் பார்ப்பேன்.

இப்படிக்கு,
ஊமை மலைக்குத் தனியாகப் போகிறவள்
செம்பவாங், சிங்கப்பூர்